கத்தியைக் கீழே வைக்கவும் தெரிந்த மருத்துவர்

முதுகெலும்பு வளைந்துபோன பெரியவர்களுக்குத் திருகாணியும் கம்பியும் பொருத்தி நிமிர்த்தும் அறுவை சிகிச்சை இன்று நடக்கிறது. அதில் பலனும் உண்டு, ஆபத்தும் உண்டு. யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது? இப்படிப்பட்ட கேள்வியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ.

சுமார் கி.பி. 936-இல், அந்தலுஸின் தலைநகரான குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்தார். அவர் எழுதிய 'கிதாபுத் தஸ்ரீஃப்' 30 பாகங்கள் கொண்டது. கடைசிப் பாகம் அறுவை சிகிச்சைக்கு உரியது. சூடு போடுதல், கீறுதல், எலும்பைச் சேர்த்துக் கட்டுதல் என மூன்று பகுதிகளாக அதை அமைத்து, சுமார் 200 கருவிகளை வரைந்தும் காட்டினார்.

முதுகெலும்பு பற்றியும் அதில் எழுதினார். விழுந்தோ அடிபட்டோ முதுகெலும்பு பிதுங்கியவரைப் பலகையில் குப்புறப் படுக்கவைத்து, இரு பக்கமும் பட்டைகளால் இழுத்து, பிதுங்கிய இடத்தை அழுத்திச் சேர்க்கும் முறையை விளக்கினார். அதே இடத்தில் எல்லையையும் வகுத்தார். சிறு வயதில் விழுந்த கூனுக்குச் சிகிச்சை இல்லை என்றார். எலும்பு முற்றிலும் விலகி, கை கால் தளர்ந்து, மலம் தானாகக் கழிந்தால் உயிர் தங்காது என்றும் எச்சரித்தார்.

ஒருமுறை, மூத்திரப்பையில் பெரிய கல் இருந்த ஒரு முதியவருக்காக அவரை அழைத்தார்கள். கல்லின் அளவையும் நோயாளியின் நிலையையும் பார்த்து, இவர் தாங்கமாட்டார் என்று கண்டுகொண்டார். வேறொருவர் துணிந்து கல்லை எடுத்தார். சுமார் மூன்று நாளில் முதியவர் இறந்தார். உடற்கூறு தெரியாமலும் ஆபத்தை எடைபோடாமலும் கத்தி எடுக்கக் கூடாது என்று மாணவர்களுக்கு உணர்த்தவே இதை எழுதிவைத்தார்.

சுமார் 1013-இல் அவர் மறைந்தார். 12-ஆம் நூற்றாண்டில் அவருடைய அறுவை சிகிச்சைப் பாகம் லத்தீனுக்குப் போனது. ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் படித்தார்கள்.

முதிய வயது, எலும்பு பலவீனம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவை முதுகெலும்பு அறுவையின் ஆபத்தைக் கூட்டுபவை. கிருமித்தொற்று, நரம்புத் தளர்ச்சி, எலும்பு கூடாமல் கம்பி முறிதல், மறுபடியும் அறுவை என்று சிக்கல்கள் வரலாம். ஆகவே மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் சொல்வோம், தயங்காமல் கேட்போம். வேண்டாம் என்று ஒரு மருத்துவர் சொன்னால், அதையும் சிகிச்சையாகவே எடுத்துக்கொள்வோம்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக!