பில் எவன்ஸும் மூவர் குழுவும்

தம் திறமையால் தனிப்புகழ் எய்திய இசைவாணர் உலகில் பலர். தம்முடன் வாசிப்போரைத் தமக்கு நிகராக்கி, அதனாலேயே தாமும் உயர்ந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராகிய அமெரிக்கப் பியானோ வித்துவான் பில் எவன்ஸ் என்பாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

எவன்ஸ் 1929ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16ஆம் நாள், நியூ ஜெர்சி மாகாணத்துப் பிளெயின்பீல்டு என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே பியானோவுடன் வயலினும் புல்லாங்குழலும் பயின்றார். லூயிசியானா மாகாணத்துக் கல்லூரியொன்றில் 1950இல் பட்டம் பெற்றுப் படையிற் சில ஆண்டுகள் பணியாற்றியபின் நியூயார்க் நகரை அடைந்தார். 1956இல் பதிவான இவரது முதல் இசைத்தட்டு ஓராண்டில் ஏறக்குறைய 800 படிகளே விலைபோயிற்று. எனினும் கற்றோர் இவரை அறிந்துகொண்டனர். 1958இல் புகழ்பெற்ற எக்காள வித்துவான் மைல்ஸ் டேவிஸ் இவரைத் தம் குழுவிற் சேர்த்துக்கொண்டார்.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்த ஜாஸ் என்னும் இசையில், வாசிப்போர் ஒரு பாட்டின் மெட்டை அடிப்படையாகக் கொண்டு அவ்வப்போது தம் கற்பனையால் அதனை விரிப்பர். பியானோவும், டபிள் பேஸ் என்னும் பெரிய நரம்புக் கருவியும், டிரம்மும் சேர்ந்த மூவர் குழுவில், பியானோவே தலைமை பூண்டு செல்ல, ஏனைய இரண்டும் காலம் காட்டிப் பின்செல்லுதல் அந்நாளைய பெருவழக்கு. எவன்ஸோ, பக்கவாத்தியம் என்னும் நிலையை நீக்கி, மூவரும் ஒருவரோடொருவர் உரையாடுதல் போன்ற இசையை விரும்பினார்.

அதற்கேற்ற தோழர் இருவர் 1959இல் வாய்த்தனர். பேஸ் வாசித்த ஸ்காட் லபாரோ, பதினெட்டாம் வயதளவிலேயே அக்கருவியைக் கையிலெடுத்தவர். ஆயினும் அதன் கனத்த நரம்புகளைப் பாட வைத்தார். டிரம் வாசித்த பால் மோஷன், தாளத்தை அடித்துக் காட்டாமல் குறிப்பால் உணர்த்த வல்லவர். அவ்வாண்டு டிசம்பரில் இவர்களது முதல் இசைத்தட்டும், 1961 பிப்ரவரியில் இரண்டாவதும் பதிவாயின. ஒருவர் சொல்லத் தொடங்கியதை மற்றவர் முடிக்கும் அளவிற்கு மூவர் உள்ளமும் ஒன்றின.

1961ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கில் 'வில்லேஜ் வேன்கார்டு' என்னும் நிலவறை அரங்கில் அவர்கள் பிற்பகலும் இரவுமாக ஐந்து முறை வாசித்தனர். கோப்பைகளின் ஒலியும் அவையோர் பேச்சும் இடையிடையே கேட்க, அவ்விசை பதிவாயிற்று. பதினோராம் நாள், ஜூலை 6இல், லபாரோ மோட்டார் விபத்தில் உயிர் துறந்தார். அவருக்கு வயது 25.

எவன்ஸ் பல மாதம் அவையேறாது ஒடுங்கிக் கிடந்தார். அந்நாளைய பதிவுகளிலிருந்து முதலில் வெளிவந்த தட்டில், லபாரோவின் திறம் விளங்கும் பாடல்களே தெரிந்தெடுக்கப்பட்டன. லபாரோ இயற்றிய உருப்படிகளே அதன் முதலிலும் முடிவிலும் நின்றன. தலைவர் பெயரால் வந்த தட்டில் தோழர் முன்னிற்றல் எளிதிற் காணக்கூடியதன்று.

1962இல் சக் இஸ்ரேல்ஸ் என்பாரைப் பேஸ் வாசிக்கச் சேர்த்துக் குழுவை மீண்டும் எழுப்பினார். 1966 முதல் எட்டி கோமஸ் பதினோராண்டு உடன் வாசித்தார். ஆட்கள் மாறினும் மூவர் என்னும் அமைப்பை எவன்ஸ் இறுதிவரை கைவிடவில்லை.

அவரிடம் குறையும் இருந்தது. இளமையிற் பற்றிய போதைப்பழக்கம் அவர் உடலை அரித்தது. 1980ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், 51ஆம் வயதில் நியூயார்க்கில் மறைந்தார். அத்துணை நுண்ணிய விரல்களையுடையார் தம்மைக் காத்துக்கொள்ளாமற் போனது நமக்குத் துயரம் தருகின்றது.

ஆயினும் அந்த ஞாயிற்றுக்கிழமை இசையை இன்று கேட்போர் ஒன்றை உணர்வர். எவன்ஸ் பல இடங்களிற் குறைவாக வாசிக்கின்றார். சில இடங்களில் வாளாவிருக்கின்றார். அவ்விடைவெளியில் லபாரோவின் குரல் எழுகின்றது. பிறர்க்கு இடம் விடுதல் தன்னை இழத்தலன்று என்பதை, நாம் அவரது நெடிய வாசிப்பினும் இம்மௌனத்திலேயே தெளிவாய்க் கற்கின்றோம்.