சீட்டுக்குள் ஒரு நாடு கண்டவர்

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பர். சீட்டைத் தொட்டவன் சிறுகச் சிறுகக் கெட்டான் என்பது அவர்கள் கண்கூடாகக் கண்ட உண்மை. தருமன் நாடிழந்த கதையும் நளன் காடடைந்த கதையும் சூதின் கொடுமையைச் சொல்ல வந்தவையே அன்றோ? ஆடி நாடிழந்த அரசர்களை நாம் அறிவோம். நாட்டை இழந்த பிறகு ஆட்டத்தில் கருத்தைச் செலுத்திய அரசர் ஒருவர் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் ஆடினார் என்பதோடு கதை முடியவில்லை. புதிய ஆட்டங்களைப் படைத்தார். அவற்றிற்கு விதி வகுத்தார். சீட்டுகளுக்கு உரிய உருவங்களையும் வகுத்து வரையச் செய்தார். அவரே மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். மூன்றாமவர் என்னும் பொருளில் மும்மடி கிருஷ்ணராஜர் என்று கன்னட மக்கள் அவரை வழங்குவர்.

மும்மடியார் 1794ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிறந்தார். தமிழராகிய நமக்கு அவ்வூர் அயலூர் அன்று. காவிரி இரு கிளையாகப் பிரிந்து அணைத்துச் செல்லும் தீவு அது. அங்கே பள்ளிகொண்டவர் ஆதிரங்கர். அதே ஆற்றின் நீர் கீழிறங்கி வந்து தழுவும் நம் திருவரங்கத்தில் இருப்பவர் அந்தியரங்கர். ஆற்றின் தலைமாட்டில் ஓர் அரங்கம், கால்மாட்டில் ஓர் அரங்கம்.

பிறந்தது அரச குடி. வளர்ந்ததோ ஆட்சி இல்லாத குடி. அந்நாளில் நாட்டை ஆண்டவர் திப்பு சுல்தான். குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன்பே, 1796இல், தந்தை சாமராஜ உடையார் மறைந்தார். அடுத்தொருவரைப் பெயரளவிலேனும் அரியணையில் அமர்த்தத் திப்பு விரும்பவில்லை. அரச குடும்பம் அரண்மனையை விட்டு எளிய இல்லத்தில் ஒடுங்கிற்று.

1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வீழ்ந்தது. திப்பு வீரமரணம் எய்தினார். அந்த வீழ்ச்சியே இந்தக் குழந்தைக்கு எழுச்சியாயிற்று. ஜூன் 30ஆம் நாள், மைசூரில் விரைந்து எழுப்பிய பந்தல் ஒன்றில், ஐந்து வயதும் நிரம்பாத சிறுவனுக்கு ஆங்கிலேயர் முடி சூட்டினர். முடி இலவசமாக வரவில்லை. ஆண்டுதோறும் 7 இலட்சம் வராகன் கும்பினியாருக்குக் கட்ட வேண்டும் என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. ஐதருக்கும் திப்புவுக்கும் பணி செய்து பழுத்த பூர்ணையா திவானாக இருந்து நாட்டை நடத்தினார். பாட்டி முறையான இலட்சுமி அம்மணி துணை நின்றார்.

1811இல் பூர்ணையா விலகினார். இளைஞர் தாமே ஆளத் தொடங்கினார். நிறைந்த கருவூலம் கைக்கு வந்தது. நிறைந்ததைக் காக்கும் கலையை மட்டும் மன்னர் கற்றிருக்கவில்லை. கோயிலுக்கும் விழாவுக்கும் புலவருக்கும் கலைஞருக்கும் வாரி வழங்கினார். வரி தண்டும் உரிமை குத்தகைக்காரர் கைக்குப் போயிற்று; அவர்கள் குடியானவனைக் கசக்கிப் பிழிந்தனர். 1830இல் நகரப் பகுதி உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். இதுவே தக்க சமயம் என்று கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு 1831இல் ஆட்சியைப் பறித்துக் கொண்டார். மன்னர் என்ற பட்டம் எஞ்சியது. ஆண்டுக்கு ஓர் இலட்சம் வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. ஆட்சி மட்டும் எஞ்சவில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஆட்சி பறிபோனபோது அவருக்கு வயது 37. அதன்பின் அவர் வாழ்ந்ததும் ஏறத்தாழ 37 ஆண்டுகள். வாழ்க்கை நடுவில் மடித்த தாள் போல இரண்டாகிறது. முதற் பாதி வரலாற்று நூல்களில் இருக்கிறது. பின்பாதியைச் சிலர் ஒரே வரியில் தள்ளிவிடுவர்: அரண்மனையில் பொழுது போக்கினார் என்று. அந்தப் பொழுதில் என்ன விளைந்தது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

1833இல் மைசூரில் இலவச ஆங்கிலப் பள்ளி ஒன்றை அவர் தொடங்கினார். பின்னாளில் மகாராஜா கல்லூரியாக ஓங்கி வளர்ந்தது அந்த வித்துத்தான். தியாகராசரின் மாணவர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். அவரிடம் பயின்ற சதாசிவ ராவ் மும்மடியார் அவையை அணிசெய்தார். இத்தனைக்கும் நடுவே மன்னரின் மனம் மிக ஆழமாகத் தோய்ந்தது ஆட்டங்களில்தான். சதுரங்கப் பலகையில் ஒரு கட்டத்தையும் இருமுறை மிதியாமல் குதிரையை எல்லாக் கட்டங்களிலும் செலுத்தும் புதிரில் அவர் வல்லவர். அதற்கும் மேலாக அவரை ஆட்கொண்டது கஞ்சிஃபா.

கஞ்சிஃபா என்பது வட்டமான படச் சீட்டுகளால் ஆடும் ஆட்டம். 1527இல் பாபர் சிந்து நாட்டு நண்பர் ஒருவருக்கு இச்சீட்டுகளை அனுப்பியதாகத் தம் வரலாற்றில் குறித்துள்ளார். அக்பர் அவையில் 12 இனமும் 144 சீட்டும் கொண்ட கட்டு இருந்தது; குதிரை, யானை, கோட்டை, படகு, பாம்பு என்று ஒவ்வோர் இனத்திற்கும் ஓர் உருவம். ஆட்டம் நம் மண்ணில் வேரூன்றியபோது தசாவதாரக் கட்டு பிறந்தது. அவதாரம் 10, இனத்திற்குச் சீட்டு 12, ஆக 120. ஒவ்வோர் இனத்திலும் அரசன், அமைச்சன், பின் ஒன்று முதல் பத்து வரை எண்கள். பரசுராமனுக்குக் கோடரி, மச்சத்திற்கு மீன், கூர்மத்திற்கு ஆமை எனச் சின்னங்கள் உண்டு. ஆறு மீன் வரைந்திருந்தால் அது மச்சத்தின் ஆறு. பகலில் ஆடினால் இராமன் முந்துவான். இரவில் கண்ணன் முந்துவான். ஐந்து இனங்களில் பத்து பெரிது. மற்ற ஐந்தில் ஒன்றே பெரிது! மூவர் ஆடினால் ஆளுக்கு 40 சீட்டு. எது போயிற்று, எது இருக்கிறது என்று நினைவில் வைப்பவனே வெல்வான்.

இதுவே கடினம் என்று நாம் எண்ணுகிறோம். மும்மடியாருக்கு இது போதவில்லை. இனங்களை 18 வரை பெருக்கினார். ஓரினத்திற்கு எண் சீட்டு 12, உருவச் சீட்டு 6 என்று வகுத்தார். நிலையான துருப்பு இனத்தையும், எதற்கும் ஈடாக நிற்கும் தனிச் சீட்டுகளையும் புகுத்தினார். அவருடைய கட்டுகளில் மிகப் பெரியது 360 சீட்டு கொண்டது. சாமுண்டேசுவரியின் பெயரிலும் ஒரு கட்டு அமைந்தது.

இவ்வளவையும் எழுதி வைக்கவும் அவர் மறக்கவில்லை. ஸ்ரீதத்வநிதி என்னும் பெருநூல் அவர் பெயரில் வழங்குகிறது. சக்தி, விஷ்ணு, சிவன் என்று தொடங்கி ஒன்பது நிதிகளாகத் தெய்வங்களின் திருவுருவங்களை விளக்கும் ஓவியக் களஞ்சியம் அது. எந்தக் கையில் எந்தப் படை, எந்த நிறம், எந்த ஊர்தி என்பதெல்லாம் அதில் உண்டு. ஒன்பதாவதான கௌதுக நிதியில் இச்சீட்டாட்டங்களின் விதியும் வண்ணப்படமும் இடம் பெற்றன. அந்நூலின் சுவடிப்படி ஒன்று நம் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்திலேயே இருக்கிறது.

இக்காலத்தில் விடுதி அறைகளில் நண்பர்கள் கூடிக் கதையாட்டம் ஆடுகின்றனர். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அதன் முன்னோடி. ஒருவர் கதை சொல்ல, மற்றவர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் நடப்பர். வழியில் வாள் கிடைத்தால், வாளின் படமும் ஆற்றலும் எழுதிய சீட்டு ஒன்றைக் கதை சொல்பவர் கையில் கொடுப்பார். வெறுஞ்சொல்லாகக் கேட்ட வாள் அப்போது கைப்பொருளாகிவிடுகிறது. அதை இழப்பதும் ஈவதும் மெய்யான இழப்பாகவும் ஈகையாகவும் தோன்றுகின்றன. மும்மடியாரின் சீட்டுகள் கதையாட்டத்திற்கு உரியவை அல்ல. ஆயினும் படத்தைக் கையில் தந்து உலகத்தை உள்ளத்தில் எழுப்பும் வித்தை இரண்டிற்கும் ஒன்றே. கோடரிச் சீட்டைப் பிடித்தவன் கையில் பரசுராமனே வந்தமர்கிறான்.

குறை இல்லையா? உண்டு. அவர் படைத்த பெருங்கட்டுகள் மக்களிடம் பரவவில்லை. அவற்றை ஆடினோர் அரண்மனைக்குள் மட்டுமே இருந்திருக்கக்கூடும் என்பர் ஆராய்ந்தோர். எளிய தசாவதாரக் கட்டோ ஊர் ஊராக வாழ்ந்தது. பலரும் ஆடத்தக்க எளிமை இல்லையேல் எத்தனை நுட்பமும் பெட்டிக்குள் உறங்கும். அறிவியல் பயிலும் நமக்கும் இது ஓர் எச்சரிக்கை.

எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆண்டபோது மன்னர்க்குத் தம் செலவுக்கு வரம்பு கட்டத் தெரியவில்லை. அதற்கு விலை கொடுத்தவன் நகரத்து உழவன். அந்தக் குற்றத்தை எந்த ஓவியமும் மறைக்காது. ஆட்டக்களமோ வேறு. விதி வகுத்தவனும் அங்கே விதிக்கு அடங்கியே ஆடவேண்டும். அரசன் கையில் இருப்பதாலேயே சிறு சீட்டு பெருஞ்சீட்டு ஆகிவிடாது. அரியணை கற்பிக்காத அடக்கத்தை ஆட்டப் பலகை கற்பித்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் ஆட்டத்தில் மூழ்கி நாட்டை மறந்தவரும் அல்லர். ஆட்சியைத் திருப்பித் தருமாறு ஆண்டுக்கணக்கில் மனுவுக்கு மேல் மனு எழுதினார். 1865இல் சாமராஜேந்திரன் என்னும் குழந்தையைத் தத்தெடுத்தார். அப்பிள்ளைக்கே நாடு என்று 1867இல் ஆங்கில அரசு இசைந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 27ஆம் நாள், 73ஆம் வயதில், மும்மடியார் கண் மூடினார். 1881 மார்ச் 25இல் நாடு சாமராஜேந்திரர் கைக்குத் திரும்பியது. காத்திருந்து ஆடிய ஆட்டத்தின் கடைசிச் சீட்டு அவர் மறைந்து 13 ஆண்டு கழித்தே விழுந்தது!

1861இல் அவர் எழுப்பிய ஜகன்மோகன அரண்மனை இன்று கலைக்கூடம். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓவியர் ரகுபதி பட் இச்சீட்டோவியத்திற்கு மறுவாழ்வு தந்தார். மும்மடியார் பிறந்த ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே கஞ்சிஃபா ஆராய்ச்சி மையமும் கண்டார். மைசூர் கஞ்சிஃபாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. பெட்டிக்குள் உறங்கிய சீட்டு ஓவியமாக விழித்துக்கொண்டது.

நண்பர்களே, விடுமுறை நாளில் ஸ்ரீரங்கப்பட்டணம் செல்கிறோம், கோட்டையைப் பார்க்கிறோம், திப்பு வீழ்ந்த இடத்தில் தலை தாழ்த்துகிறோம். அங்கேயே பிறந்து, பெற்றதை இழந்து, இழந்தபின் படைத்த ஒருவரையும் சற்று நினைப்போம். கையில் விழும் சீட்டு நம் விருப்பப்படி வருவதில்லை. அதை எறிந்துவிட்டு எழுந்து போகிறோமா, இருந்து ஆடுகிறோமா என்பது மட்டுமே நம்முடையது.