பெஞ்ச்மார்க் தேடி வந்த மார்டிமர் வீலர்

சிவில் பசங்களுக்கு சர்வே லேப் நல்லா ஞாபகம் இருக்கும். ஒரு இடத்தோட மட்டம் தெரியணும்னா, மட்டம் தெரிஞ்ச ஒரு பெஞ்ச்மார்க் முதல்ல வேணும். அது இல்லாம லெவலிங் ஸ்டாஃபைப் பிடிச்சுக்கிட்டு நாள் முழுக்க வெயில்ல நின்னாலும் பயனில்லை. 1940-களின் தொடக்கம் வரைக்கும் தென்னிந்தியத் தொல்லியலின் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். நம்ம தருமபுரிப் பக்கம் இருக்கிற கல்வட்டங்கள், கல்திட்டைகள், கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள் எல்லாம் பழசுன்னு தெரியும். எவ்வளவு பழசு? அங்கேதான் சிக்கல். அதை அவிழ்க்க ஒரு வழி காட்டியவர் மார்டிமர் வீலர்.

1890-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். லண்டனில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்தார். முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் சண்டை போட்டு உயிரோடு திரும்பினார். அவரோடு தொல்லியலுக்கு வந்திருக்க வேண்டிய பலர் திரும்பவே இல்லை. மனைவி டெஸ்ஸாவும் தொல்லியலாளர். இருவரும் சேர்ந்து வெருலேமியம் என்ற ரோமானிய நகரத்தைத் தோண்டினார்கள். லண்டனில் ஒரு தொல்லியல் கல்விக்கூடம் தொடங்க வேண்டும் என்பது இருவரின் கனவு. அது 1937-ல் திறந்தபோது டெஸ்ஸா இல்லை. முந்தைய வருஷமே இறந்துபோயிருந்தார்.

1944-ல், இரண்டாம் உலகப்போரில் பணியாற்றிய பிறகு, இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தார். அதே வருஷம், ஒரு காலத்தில் கிரேக்க அரசர்கள் ஆண்ட தட்சசீலத்தில் மாணவர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். சதுரம் சதுரமாகக் குழி, நடுவில் வெட்டாமல் விட்ட மண் சுவர், அந்தச் சுவரில் தெரியும் ஒவ்வொரு மண் அடுக்குக்கும் ஒரு எண். கீழடி போட்டோக்களில் நாம பார்க்கிறோமே, அதே முறைதான். பின்னாளில் பெயர்பெற்ற பி. பி. லால், பி. கே. தாபர் எல்லாம் அங்கே பயின்றவர்கள்.

சரி, பெஞ்ச்மார்க்? சென்னை அருங்காட்சியக அலமாரி ஒன்றில், மத்தியதரைக்கடல் நாடுகளில் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் அடைக்கிற ஆம்போரா ஜாடியின் உடைந்த பாகம் அவர் கண்ணில் பட்டது. கிடைத்த இடம் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேடு. உடனே அங்கே போனார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பளபளப்பான சிவப்புப் பாண்டத்தின் சில்லுகளும் இருந்தன. அந்த வகைப் பாண்டத்தில் செய்தவர் பெயரை முத்திரையாகக் குத்துவார்கள். கிறிஸ்து பிறப்பை ஒட்டிய சில பத்தாண்டுகளில் மட்டும் புழங்கியது. அதாவது, தேதி போட்ட சரக்கு!

1945-ல் அரிக்கமேட்டை அடுக்கு அடுக்காகத் தோண்டினார். ரோமானியச் சில்லோடு சேர்ந்து கிடைத்த நம்மூர்ப் பானைகளுக்கும் இப்போது வயது தெரிந்தது. 1947-ல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில், அரிக்கமேட்டில் பார்த்த அதே உருட்டுவரி வேலைப்பாட்டு ஓடுகள் கல்வட்டக்கால அடுக்குக்கு மேலே கிடைத்தன. அப்போ கல்வட்டங்கள் அதற்கு முந்தியவை. ஒரு பாயிண்டிலிருந்து அடுத்த பாயிண்டுக்கு மட்டத்தைக் கடத்துகிற மாதிரிதான்.

அவர் சொன்னதெல்லாம் சரின்னு இல்லை. அரிக்கமேட்டை ரோமானியர் வருகையோடு பிறந்த ஊராக எண்ணினார். அதற்கு முன்பே அங்கே நம்மவர்கள் வாழ்ந்ததைப் பின்வந்த அகழாய்வுகள் காட்டின. மொகஞ்சதாரோவில் ஆரியர் படையெடுப்பு என்ற அவரது முடிவும் நிற்கவில்லை. கல்வட்டங்களுக்கு அவர் போட்ட கணக்கையும் கார்பன் தேதிகள் பல நூற்றாண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிட்டன. ஆனா, அவரைத் திருத்தியவர்களும் அடுக்குகளைப் படித்துத்தான் திருத்தினார்கள்.

1948-ல் இங்கிலாந்து திரும்பி, தொலைக்காட்சி வழியாகத் தொல்லியலை வீடு வீடாகக் கொண்டுபோனார். 1976-ல் மறைந்தார்.

நம்ம ஊர் அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீங்க. அடுத்த முறை மலைப்பக்கம் போகும்போது பழைய பானை ஓடு கண்ணில் பட்டா, பையில் போட்டுக்காதீங்க. கிடந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, அகழ்வைப்பகத்தில் சொல்லுங்க. இடத்தை விட்டு எடுத்துட்டா அது வெறும் ஓடு. மண்ணோடு இருக்கிற வரைக்கும்தான் அது பெஞ்ச்மார்க்.