ஆறறிந்து கோல் கொண்டவர்

ஒருவர் தம் தொழிற்குரிய கருவியைத் தேரும் முறையிலே அவரது உள்ளம் விளங்கும் என்பது யான் மாணாக்கர்க்கு அடிக்கடி கூறுவது. அதற்குச் சான்றாக, எழுத்தாளராயும் நீதவானாயும் தூண்டிற்காரராயும் வாழ்ந்த றொடறிக் ஹெயிக் பிறவுணின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றேன்.

இங்கிலாந்திலே சசெக்ஸ் பகுதியில் 1908ஆம் ஆண்டு பிறந்த இவர், முதலாம் உலகப் போரில் 1918இல் தந்தையை இழந்தார். 1926இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலஞ் சென்று, மரந் தறிக்குங் காடுகளில் உழைத்தார். பின்னர்க் கனடாவின் வன்கூவர் தீவை அடைந்து, 1934இல் மணம் புரிந்து, காம்பெல் ஆற்றங்கரையிலே இல்லறம் நடத்தினார்.

அவ்வாற்றுக்குக் குளிர்காலத்தில் ஸ்டீல்ஹெட் என்னும் மீன் வரும். பிரித்தானியர் நுவரெலியா ஓடைகளிற் கொணர்ந்து விட்ட வானவில் ட்றவுற் மீனின் இனமே அது. கடல் சென்று கொழுத்து, முட்டையிட ஆறேறுவது. சிற்றோடை ட்றவுற்றுக்கு மெல்லிய கோல் போதும். குளிர்கால ஆறோ பெருகி ஓடும். நீரின் தண்மையால் மீன் சோம்பி அடியிலே கிடக்கும். இறகினாற் கட்டிய பொய்யீ அதன் முகத்தருகே ஆழ்ந்து செல்லல் வேண்டும். பொய்யீக்குக் கனமில்லை, கயிற்றின் கனமே அதனைக் கொண்டு செல்லும். ஆதலின், அமிழுங் கயிற்றை வீசவல்ல, ஒன்பது பத்தடி நீண்ட உரமான கோல் அங்கு வேண்டும். அவர் இளமையில், மூங்கிலைப் பிளந்து ஆறு கீற்றாக ஒட்டிய கோல்களே சிறந்து நின்றன; இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழையும், 1970களிற் கரியிழையும் வந்தன.

உரமான கோல் மீனுக்கும் நன்றே. நலிந்த கோல் அதனை நெடுநேரம் அலைத்துச் சோர்விக்கும். விடுவித்தாலும் மீன் பிழைப்பது அரிது. பிற்காலத்திற் பிடித்த மீன்களிற் பலவற்றை நீரிலே மீள விட்ட இவர்க்கு இது சிறு செய்தியன்று.

மேற்குக் கரை மீன்பிடி பற்றி 1939இல் நூல் செய்தார். ஆறு உறங்குவதில்லை எனப் பொருள்படும் 1946ஆம் ஆண்டு நூல், தை முதல் மார்கழி வரை மாதமுறையாய் அமைந்தது. சட்டப் பட்டம் பெறாதவராயினும் முப்பதாண்டுக்கு மேலாக நீதவானாய் இருந்தார். 1970 முதல் 1973 வரை விக்டோரியாப் பல்கலைக்கழக வேந்தராயும் விளங்கினார்.

காம்பெல் ஆற்றின் மேலுள்ள பட்டில் ஏரியை மின்சாரத்திற்காக உயர்த்த முனைந்தபோது, 1950களிலே அவர் எதிர்த்து நின்றார். எனினும் 1958இல் அணை எழுந்தது, ஏரியும் உயர்ந்தது. தோற்றும் அவர் அடங்கினாரல்லர். 1976இல் மறையும் வரை ஆறுகளுக்காக எழுதியும் பேசியும் வந்தார்.

மீன் பிடிப்போர் பலர் கோலைத் தேர்கையில் மீனின் பருமனை எண்ணுவர். இவர் ஆற்றை எண்ணினார். அதனாலே ஆற்றுக்குக் காவலருமானார்.