லண்டனில் முதல் இந்திய உணவகம் திறந்தவர்

நாளைக் காலை குளியலறையில் ஷாம்பூ பாட்டிலைக் கையில் எடுக்கும்போது ஷேக் தீன் முகமது என்பவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பைப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்திச் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் ஷாம்பூ ஆனது. அதை இங்கிலாந்தில் பிரபலமாக்கியவர் இவர். ஆனால் இந்த இதழில் இவரைப் பற்றி எழுதக் காரணம், அதற்கு முன் அவர் தொடங்கி நொடித்துப்போன கடை.

1759-இல் பாட்னாவில் பிறந்தவர். அப்பா கம்பெனிப் பட்டாளத்துச் சிப்பாய். சிறு வயதிலேயே அவரை இழந்தார். பேக்கர் என்ற ஐரிஷ் அதிகாரியோடு பட்டாளத்தில் சுற்றி வளர்ந்து, 1784-இல் அவரோடே அயர்லாந்தின் கார்க் நகருக்குப் போனார். அங்கே ஜேன் டேலி என்ற பெண்ணைக் காதலித்து, ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார். 1794-இல் தன் பயணங்களை ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட முதல் புத்தகம் அதுதான். முன்கூட்டியே சந்தா வசூலித்து அச்சடித்தார் என்பதைக் கவனியுங்கள். வியாபாரப் புத்தி அப்போதே இருந்திருக்கிறது.

பிறகு லண்டன். போர்ட்மன் சதுக்கத்தில் பாசில் காக்ரேன் என்ற செல்வந்தரின் நீராவிக் குளியல் நிலையத்தில் வேலை. இந்த காக்ரேன் நமக்கு அந்நியர் இல்லை. சென்னையில் சம்பாதித்தவர். நகரிலிருந்து எண்ணூர்ப் பக்கம் வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய் இவர் பெயரில்தான் இருந்தது. இன்று நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஆரம்பம் அது.

1810-இல் அதே வட்டாரத்தில், ஜார்ஜ் தெருவில், முகமது ஹிந்துஸ்தானி காபி ஹவுஸைத் திறந்தார். பெயர்தான் காபி ஹவுஸ். உள்ளே இந்திய முறைச் சமையல், மூங்கில் இருக்கைகள், சுவரில் இந்தியக் காட்சிப் படங்கள், சாப்பிட்டபின் இழுக்க ஹூக்கா. இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பிய கம்பெனி துரைமார்தான் அவர் எதிர்பார்த்த வாடிக்கையாளர்கள். கணக்கு சரியாகத்தான் தோன்றும். ஆனால் அந்த துரைமார் பலர் வீட்டிலேயே இந்தியச் சமையல்காரரை வைத்திருந்தார்கள். மற்ற லண்டன்வாசிகளுக்கு அந்த ருசி பழக்கமில்லை. செலவோ பெரிய இடத்துச் செலவு. 1812-இல் திவால். கடை வேறு கைக்குப் போனது.

53 வயது. மனைவி, பிள்ளைகள். சொந்த ஊர் ஆறு மாதக் கப்பல் தூரம். எடுபிடி வேலை கேட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். முதலாளியாக இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

1814-இல் கடற்கரை ஊரான பிரைட்டனுக்குக் குடிபோனார். இந்த முறை நாக்கை விட்டுவிட்டு மூட்டு வலியைப் பிடித்தார். மூலிகை ஆவியில் வேர்க்க வைத்து, பிறகு ஃபிளானல் துணிக் கூடாரத்துக்குள் உட்கார வைப்பார்கள். கூடாரத்தில் தைத்த கைப்பைகள் வழியே வெளியிலிருந்து கையை நுழைத்து உடம்பைப் பிடித்துவிடுவார்கள். கூச்ச சுபாவமுள்ள ஆங்கிலேயருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு என்ன? பெண்கள் பகுதியை ஜேன் கவனித்தார். குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களைச் சுவரில் மாட்டிவைத்தார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்று இரண்டு மன்னர்கள் இவரைத் தங்கள் ஷாம்பூ நிபுணராக நியமித்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 1822-இல் எழுதிய புத்தகத்தில் தன் வயதைப் பத்து வருடம் கூட்டிக்கொண்டார். இல்லாத மருத்துவப் படிப்பையும் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கென்றால் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலேயே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

கட்டடம் அவர் கையில் நிலைக்கவில்லை. 1840-களின் தொடக்கத்தில் பங்குதாரர் இறந்து கட்டடம் ஏலத்துக்கு வந்தபோது, அதை எடுக்க அவரிடம் பணம் இல்லை. சின்ன இடத்தில் தொழிலைத் தொடர்ந்தார். 1851-இல் பிரைட்டனிலேயே இறந்தார். பேரன் ஃபிரெடரிக் அக்பர் முகமது நிஜமாகவே மருத்துவம் படித்து, லண்டன் கைஸ் மருத்துவமனையில் இரத்த அழுத்த நோயைப் பற்றி முன்னோடி ஆய்வுகள் செய்தார்.