வையாபுரிப் பிள்ளையின் நூலகமும் ஆய்வு வாழ்வும்

எஸ். வையாபுரிப் பிள்ளை 1891 அக்டோபர் 12 அன்று பழைய திருநெல்வேலி மாவட்டத்துச் சிக்கநரசய்யன் கிராமத்தில் பிறந்தார். சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியாரை ஊற்றுமலை சமீன் போற்றிய மண் அம்மாவட்டம். கவிராயர் இல்லங்களில் ஏடுகள் மிகுந்திருந்த நிலம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றுச் சட்டம் பயின்ற அவர், திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். எதிர்ச்சான்றையும் தாமே எடுத்துவைத்து ஆராயும் அவரது எழுத்துமுறையில் நீதிமன்றப் பழக்கத்தின் சாயலைக் காண்பது மிகையாகாது.

1926இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரானார். 1936இல் ஆறு தொகுதிகளும் நிறைவெய்தின. பின்னிணைப்பு 1939இல் வெளிவந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் வரையறுக்க, அச்சு நூல்களின் பல பதிப்புகளையும் அச்சேறாத நிகண்டு, உரைச்சுவடிகளையும் ஒப்புநோக்க வேண்டியிருந்தது. அவர் தம் இல்லத்தில் சேர்த்த நூலகத்தை இப்பின்னணியிலேயே மதிப்பிடவேண்டும். அது பெருமைக்குரிய சேமிப்பன்று. பாடவேறுபாடு காண்பதற்கான பணிக்களம். புறத்திரட்டைப் பதிப்பித்தபோது, வளையாபதி, குண்டலகேசி, முத்தொள்ளாயிரம், தகடூர் யாத்திரை முதலிய மறைந்த நூல்களின் செய்யுட்கள் பிழை நீங்கிய வடிவில் ஆய்வாளர் கைக்குக் கிட்டின. 1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜத்தின்வழி வெளிவந்த சங்க இலக்கியப் பதிப்போ, பாடல்களைப் புலவர்வரிசையில் அடுக்கியது. ஒரு புலவரின் ஆக்கம் முழுவதையும் ஓரிடத்தில் நோக்க அதுவே வழிவகுத்தது.

1936 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராகவும், பின்னர்த் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார்.

தொல்காப்பியத்தைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டுக்கு உரியதாகக் கொண்டதும், பிற நூல்களின் காலத்தையும் பின்னுக்குக் கொணர்ந்ததும் கடும் எதிர்ப்பை எழுப்பின. அவர்தம் தமிழ்ப்பற்றே ஐயத்துக்குள்ளாயிற்று. வடமொழி ஆட்சியை அவர் கால அளவுகோலாகப் பெரிதும் நம்பியது மறுப்புக்குரியதே; பிற்காலத்துத் தமிழ்-பிராமிக் கல்வெட்டாய்வு, அவர் கண்டிராத சான்றுகளைத் தந்தது. எனினும், முடிவை மறுத்தவர்கள் அவர் பதிப்புகளைக் கைவிட இயலவில்லை.

1956 பிப்ரவரி 17 அன்று அவர் மறைந்தார். ஏறத்தாழ 3,000 நூல்களும் ஓலை, தாள் சுவடிகளும் கொண்ட அந்நூலகம் கொல்கத்தா தேசிய நூலகத்தில் அவர் பெயரால் தனித்தொகுதியாக உள்ளது. நெல்லை மண்ணில் தமிழ் கற்றவர் சேர்த்த ஏடுகளைக் காண இன்றைய தமிழாய்வாளர் வங்கத்துக்குச் செல்லவேண்டியிருக்கிறது. பேணப்பட்டது என்பது ஆறுதலே. ஆயினும், அவர் எந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தார் என்பதை அவர் கையாண்ட சுவடியோடு வைத்து நோக்கும் பணி இன்னும் உரிய அளவில் நிகழவில்லை.