கவிதைக்காக வாதிட்டவர்

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவில் பழைய கிரேக்க, இலத்தீன் நூல்கள் புத்துயிர் பெற்றன. அரிஸ்டாட்டிலின் கவிதையியலுக்கு இத்தாலிய அறிஞர்கள் உரை வகுத்தனர். கவிதையால் மனிதருக்கு என்ன பயன் என்னும் வினா எழுந்தது. அதற்கு ஆங்கிலத்தில் விடை கண்டவர் சர் பிலிப் சிட்னி.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1554ஆம் ஆண்டு உயர்குடியில் பிறந்த சிட்னி, ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றார். 1572 முதல் 1575 வரை பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளில் பயணம் செய்து புதிய கல்வியை அறிந்தார். அரசுப் பணியையும் போர்த்தொழிலையும் கடமையாகக் கொண்ட அவர், ஓய்வு வாய்த்தபோது எழுதினார்.

1579இல் ஸ்டீஃபன் காசன் என்பவர் கவிஞர்களையும் நாடகக் கலைஞர்களையும் கடிந்து நூலொன்று எழுதி, அதனைச் சிட்னிக்கே படைத்தார். கவிதை பொய் பேசுவது, இளைஞரைக் கெடுப்பது, பிளேட்டோவே விலக்கியது என்பன அக்காலத்தில் அதன்மீது சுமத்தப்பட்ட பழிகள். சில ஆண்டுகளில் சிட்னி, கவிதைக்கு ஆதரவான உரைநடை நூலொன்றில் இவற்றை மறுத்தார்.

மெய்யியலார் அறத்தை விதியாகக் கூறுவர். அது கற்போர்க்கு எளிதில் விளங்காது. வரலாற்றாசிரியர் நடந்ததையே கூற வேண்டும். தீயோர் வாழ்ந்ததும் நல்லோர் வீழ்ந்ததும் அதனுள் அடங்கும். கவிஞரோ அறத்தை உயிருள்ள மாந்தராக நம்முன் நிறுத்தி, இன்பமூட்டி, நற்செயலுக்குத் தூண்டுகிறார். மெய்யென்று உறுதி கூறுபவரே பொய்யராக முடியும்; கற்பனையைக் கற்பனையாகவே அளிக்கும் கவிஞர் பொய்யராகார். பிளேட்டோ கண்டித்தது கவிதையின் தவறான பயன்பாட்டையே. இவை சிட்னியின் வாதங்கள்.

கோட்பாடு வகுத்ததோடு அவர் அமையவில்லை. தங்கை மேரிக்காக 'ஆர்கேடியா' என்னும் புனைகதையை இயற்றினார். பெட்ரார்க் புகழ்பெறச் செய்த, பதினான்கு அடிகளாலான 'சானட்' வடிவில் 108 பாடல்கள் படைத்தார். அவற்றுள் முதற்பாடலிலேயே, பிறர் ஏடுகளைப் புரட்டியும் சொல் கிட்டாத காதலன் தன் நெஞ்சை நோக்கித் திரும்புகிறான். நாடகம் ஓரிடத்தில், ஒரு நாளுக்குள் நிகழ வேண்டும் என்று விதியை வலியுறுத்தியவர் சிட்னி. ஆயினும், பார்வையற்ற தெருப்பாடகர் பாடும் பழைய நாட்டுப்பாடல் தம் நெஞ்சை அசைத்ததை அவர் மறைக்கவில்லை.

1586இல் நெதர்லாந்தில் ஸ்பானியப் படையுடன் நிகழ்ந்த போரில் தொடையில் குண்டுபட்டு, சில வாரங்களில், 31ஆம் வயதில் உயிர்நீத்தார். கையெழுத்துப்படிகளாக உலவிய அவர் படைப்புகள் 1590 முதல் அச்சேறின; கவிதை பற்றிய நூல் 1595இல் வெளிவந்தது. அவர் போற்றிய நாடக விதிகளைப் பெரிதும் மீறியே ஷேக்ஸ்பியர் வெற்றி கண்டார். எனினும், கற்பனைக்கும் உண்மைக்கும் உள்ள உறவு குறித்து அவர் எடுத்துரைத்த கருத்துகள் ஆங்கிலத் திறனாய்வின் தொடக்கமாக இன்றும் பயிலப்படுகின்றன.